கலந்தது கை அல்ல

ஆய்வகத்துக்குள் செருப்போடு போகக் கூடாது என்பதால் முருகவேல் வெறுங்காலோடு கதவருகே நின்றான். உள்ளே அவன் தங்கை கீர்த்தனா கையளவு கல்வத்தில் உப்பைப் பொடித்துக்கொண்டிருந்தாள். அழுத்தி அரைத்தால் சூடேறி உப்புக்குள் இருக்கும் தண்ணீர் போய்விடும். அதனால் பூப்போல அரைத்தாள்.

திருவண்ணாமலையில் ஒரு தனியார் கல்லூரியில் பொடிகளைச் சோதிக்கும் எக்ஸ்-ரே இயந்திரத்தைப் பார்த்துக்கொள்ளும் ஒப்பந்த ஊழியர் அவள். அவன் கீழ்பென்னாத்தூர் உரக்கடை ஒன்றில் ஜிங்க் சல்பேட் மூட்டையைப் பிரித்து கிலோ பாக்கெட்டாகக் கட்டுகிறவன். அதுவும் போன மாதம் வரைக்கும்தான். ஜிங்க் போட்டும் நெற்பயிர் பழுப்பேறிப் போக, விவசாயிகள் கடைக்குச் சண்டைக்கு வந்தார்கள். சோதித்துப் பார்த்ததில் பாதி மெக்னீசியம் சல்பேட், அதாவது மருந்துக் கடையில் மலிவாகக் கிடைக்கும் பேதி உப்பு. மூட்டையைப் பிரித்தவன் இவன்தான் என்று முதலாளி பரசுராமன் நடுத்தெருவில் கை காட்டினார். அதன் பிறகு எந்தக் கடையும் அவனைச் சேர்க்கவில்லை.

"ரெண்டும் வெள்ளையாத்தான் கீது. இந்த மிஷினுக்கு மட்டும் எப்பிடித் தெரியும்?" என்றான்.

"எக்ஸ்-ரே பட்டா ஒவ்வொரு உப்பும் ஒவ்வொரு கோணத்துல திருப்பி அனுப்பும்ணா. அந்த எடத்துல கோடு மேல எழும்பும். மொதல்ல பேதி உப்போட எடம், கொஞ்சம் தள்ளி ஜிங்கோட எடம். இங்க பாரு."

சுத்தமான இரண்டு உப்பையும் கையால் சரிபாதி கலந்து அவள் ஏற்கெனவே ஓட்டியிருந்தாள். திரையில் பக்கத்துப் பக்கத்தில் இரண்டு முனைகள், கன்றுக்குட்டிக் கொம்பு மாதிரி நின்றன.

"எவ்ளோ நைசா அரைச்சு கலந்தாலும் இப்பிடி ரெண்டாத்தான் வரும். ஃபேக்டரில ரெண்டையும் ஒண்ணாக் கரைச்சு, காய்ச்சி, உறைய வெச்சாதான் ஒரே பரலுக்குள்ள ரெண்டும் சேரும். அப்ப நடுவுல ஒரே முனைதான் வரும்."

அண்ணன் கொண்டுவந்த உரக்கடை பாக்கெட்டிலிருந்து அரைத்த உப்பை வைத்து இயந்திரத்தின் கதவை மூடினாள். இரண்டு முனை வந்துவிட்டால் அவன்தான் கலந்தான் என்றாகிவிடும். திரையில் கோடு ஊர்ந்தது. பேதி உப்பின் இடம் வந்தது. ஒன்றும் எழவில்லை. கீர்த்தனா திரையை ஒட்டிக் குனிந்தாள். அந்த இடத்தைத் தாண்டியதும் கோடு மேலே ஏறத் தொடங்கியது, ஏறியது, ஏறிக்கொண்டே போய் இறங்கியது. ஜிங்கின் இடத்தில் மறுபடி வெறும் தரை.

அவள் ஓடிவந்து அவன் சட்டையைப் பிடித்து உலுக்கினாள். "ஒண்ணுதாண்ணா. ஒண்ணே ஒண்ணு. நீ கலக்கல. கையால இதைக் கலக்கவே முடியாது."

அவனுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. "இன்னொரு வாட்டி ஓட்டேன்" என்றான். வேறொரு பாக்கெட்டை வைத்து ஓட்டினாள். அதே இடம், அதே ஒற்றை முனை.

அன்று பௌர்ணமி. ஊருக்குள் வரும் பஸ்ஸெல்லாம் பிதுங்க, இவர்கள் ஏறிய கீழ்பென்னாத்தூர் பஸ் காலியாகப் போனது. முருகவேல் வழியெல்லாம் பேசினான். நாளைக்கே வேலைக்குப் போகணும், கொழந்தைக்குப் பள்ளிக்கூட ஷூ வாங்கணும், டீக்கடையில் நடு பெஞ்சில் கால் மேல் கால் போட்டு உட்காரணும். இத்தனை பேச்சு அவனிடம் இருந்ததே கீர்த்தனாவுக்குத் தெரியாது. அவளுக்கும் சந்தோஷம் தாங்கவில்லை.

பரசுராமன் அவள் சொன்னதைக் கேட்டார், கோட்டை அச்செடுத்த தாளைப் பார்த்தார், முகம் மலர்ந்தார். அங்கேயே கம்பெனி ஏஜென்டுக்குப் போன் போட்டு ஒரு பிடி பிடித்தார். பிறகு குரல் தணிந்தது. போனோடு குடோனுக்குள் போனவர் வெகுநேரம் கழித்து வந்தார்.

"பழைய சரக்கை எடுத்துக்கிறாங்க. விவசாயிங்களுக்கு நஷ்டமும் தர்றாங்க. ஒரே கண்டிசன், கம்பெனி பேரு வெளிய வரக் கூடாது."

"அப்ப எங்க அண்ணன்?"

"அவன் பண்ணலன்னு எனக்குத் தெரியும்மா. ஆனா திரும்ப வேலைக்கு வெச்சிக்கினா, அப்ப கலந்தது யாருன்னு ஊரு கேக்கும்ல?"

"நாங்களே சொல்லுவோம்."

"தாராளமா சொல்லு. கோட்டைப் பாத்து யாருக்குப் புரியப் போவுது? நஷ்ட ஈடு நின்னுடுச்சுன்னா, அதுக்கும் இவன்தான் காரணம்னுவாங்க."

முருகவேல் தாளை வாங்கி மடித்தான். "பரவால்ல, ஊர்க்காரங்ககிட்ட நானே பேசிக்கிறேன், மொதலாளி" என்றான்.

காலையில் அதே கம்பெனியின் புது மூட்டைகள் வந்து இறங்கின. கடை முன்னால் வரிசை நின்றது. முருகவேல் தாளை விரித்துப் பிடித்தபடி கடைசி ஆளுக்குப் பின்னால் போய் நின்றான். வரிசையின் முதல் ஆளாக நின்ற அப்பாதுரை, பழுப்பேறி ஒரு ஏக்கர் பயிர் போனவர், மூட்டையின் தையலைத் தடவிப் பார்த்தார்.

"இத முருகவேல் தொட்டானா?"

"இல்லீங்க. அவனை அப்பவே அனுப்பியாச்சு" என்றார் பரசுராமன்.

"அப்பிடின்னா ரெண்டு மூட்டையாப் போடு."