கழுத்தில் கிடந்த டேப்

மறதியைப் பற்றிய நாடகம் அது. எழுதி இயக்கியவன், தையல்காரரான தன் அப்பாவுக்கு வந்த மறதியை அப்படியே மேடையேற்றியிருந்தான். முதல் காட்சிக்கு அவரையே முன்வரிசையில் உட்கார வைத்தான், போட்டோவுக்காக. பக்கத்தில் அம்மா.

மேடையில் அப்பாவாக நடித்தவர் அளவு டேப்பைத் தேடினார். மேஜைக்கு அடியில், மிஷின் டிராயரில், துணிக் குவியலுக்குள். வயலின் அழுதது. கூட்டமும் மூக்கை உறிஞ்சத் தொடங்கிய நேரத்தில் முன்வரிசையிலிருந்து ஒரு குரல் வெடித்தது.

“கழுத்துலதான்டா தொங்குது, எருமை!”

தொங்கிக்கொண்டுதான் இருந்தது. அரங்கம் திகைத்தது. பிறகு எழுந்து நின்று கைதட்டியது.

மறுநாள் பத்திரிகையில் விமர்சகர் ஒருவர் உருகியிருந்தார். ‘இழந்தது நம்மிடமே இருக்கிறது என்று பார்வையாளர் நடுவிலிருந்தே சொல்ல வைத்திருக்கிறார் இயக்குநர். அந்த எருமை நாம்தான்.’

மகன் அந்த முன்வரிசை நாற்காலியை அப்பாவுக்கே ஒதுக்கிவிட்டான்.

“தினமும் எதுக்குடா அவரைப் போட்டு அலைக்கழிக்கிற?” என்றாள் அம்மா.

“அவருக்குத்தான் தினமும் புதுசாச்சேம்மா.”

அது உண்மை. ஒவ்வொரு நாளும் அவர் முதல்முறையாக வந்தார். அதே இடத்தில் அதே கோபம்.

பெரிய நாடக விழாவுக்குத் தேர்வு செய்ய அதே விமர்சகர் மறுபடி வந்தார். விழா கிடைத்தால் நாடகம்; கிடைக்காவிட்டால் மகனுக்கு மாமனாரின் டைல்ஸ் கடைதான்.

திரை விலகியது. நடிகர் வாயைத் திறக்கவில்லை, அதற்குள் அப்பா ஆரம்பித்துவிட்டார்.

“இப்ப பாரு, டேப்பைத் தேடுவான். கழுத்துலயே கெடக்கும். நேத்தும் இதே கூத்துதான்.”

நடிகரின் கை தானாகக் கழுத்துக்குப் போனது. யாரோ “ஷ்ஷ்” என்றார்கள்.

அம்மா அவர் கையைப் பிடித்தாள். “நேத்து வந்தது ஞாபகம் இருக்குங்களா?”

“ஏன், எனக்கென்ன மறதியா?”

நாடகம் முடிந்ததும் மகன் பாய்ந்து வந்தான். “இன்னிக்கா உங்களுக்கு ஞாபகம் வரணும்?”

“டேய், டாக்டரே கைவிரிச்சவருடா. சந்தோஷப்படுடா.”

“அப்புறம் படறேன், விடும்மா.”

விமர்சகர் எழுதினார்: ‘முதியவரிடம் பழைய உயிர் இல்லை. வசனத்தை மனப்பாடம் செய்திருப்பது அப்பட்டமாகத் தெரிகிறது. மறதி என்றால் என்னவென்று தெரிந்த ஒருவரைப் போட்டால் விழாவுக்குப் பரிசீலிக்கலாம்.’

மகன் அப்படி நடிக்கத் தெரிந்த ஒருவரைப் பிடித்தான். கணீரென்ற குரல். தினமும் சொன்ன நொடியில் எருமை என்று கத்தினார். விழா கிடைத்தது.

புதியவர் அந்த நாற்காலியில் உட்கார்ந்த முதல் நாள் மாலை, வீட்டில் அப்பா சட்டை மாட்டி, பொத்தான்களைச் சரியாகப் போட்டுக்கொண்டு ஹாலுக்கு வந்தார். “கிளம்பலையா? அந்த எருமை தேட ஆரம்பிச்சிருப்பான்.”

“இன்னிக்கு லீவுங்க,” என்றாள் அம்மா. எப்படியும் மறந்துவிடுவார் என்று நினைத்துத்தான் சொன்னாள்.

மறுநாள் மாலையும் அதே சட்டையில் வந்து நின்றார்.

“இன்னிக்குமா லீவு?”