ஐந்து முறை தவறினால்

லிஃப்ட் மெக்கானிக்குக்குத் தன் ஞாபகசக்தியின் மேல் பெரிய கர்வம் உண்டு. அவர் பொறுப்பில் நாற்பத்தோரு லிஃப்ட்டுகள் இருந்தன. எந்தக் கட்டடத்து லிஃப்ட்டில் எந்த வருஷம் கயிறு மாற்றியது, எதில் மூன்றாம் மாடி பொத்தானை இரண்டு தடவை அமுக்க வேண்டும் என்பதெல்லாம் அவருக்குத் தலைகீழ்ப் பாடம். அப்பேர்ப்பட்ட மனுஷருக்கு வெள்ளிக்கிழமை தானே போட்ட நாலு இலக்க எண் ஞாயிற்றுக்கிழமை மறந்துவிட்டது. கோபத்தில் போட்ட எண். கோபம் போனபோது அதையும் கையோடு கூட்டிக்கொண்டு போய்விட்டது.

எண் போட்டது மகளின் டேப்லெட்டுக்கு. மகளுக்குப் பதிமூன்று வயது, வீட்டில் கூப்பிடுவது வாண்டு. அந்த டேப்லெட்டில் ஒரு காவல் செயலி இருந்தது. பிள்ளை எதைப் பார்க்கலாம், எவ்வளவு நேரம் பார்க்கலாம் என்று பெற்றோர் சொல்லிவைத்தால் அது பார்த்துக்கொள்ளும். ஒரு நாளைக்கு ஒரு மணி நேரம் என்று மெக்கானிக் சொல்லிவைத்திருந்தார். வாராவாரம் போனுக்கு வரும் அறிக்கையை அவர் திறந்ததே அந்த வெள்ளிக்கிழமைதான். அது, பிள்ளை தினமும் நாலு மணி நேரத்துக்குக் குறையாமல் டேப்லெட்டில் இருந்திருக்கிறாள் என்றது. 'பொழுதுபோக்கு' என்று தலைப்பு வேறு.

மெக்கானிக்குக்கு மூக்கு சிவந்துவிட்டது. மேலே போகும் லிஃப்ட் ஓர் எல்லையைத் தாண்டினால் தானாக நிற்க வேண்டும். நிற்காவிட்டால் அது லிஃப்ட் இல்லை. செயலியும் அப்படித்தானே? "அப்பா, நான் வீடியோ பாக்கல, படம்..." என்று வாண்டு ஆரம்பித்தாள். "நீ படம்தான் பாத்திருக்கேன்னு அறிக்கையே சொல்லுதே" என்றார். எண்ணை மாற்றினார், டேப்லெட்டைப் பிடுங்கித் தன் வேலைப்பைக்குள் போட்டு, பையை அலமாரிக்கு மேல் தூக்கி வைத்தார். வாண்டு தன் அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினாள். சாத்தினாள் என்று மரியாதைக்குச் சொல்கிறேன். அதோடு பேச்சு நின்றது.

ஞாயிறு மத்தியானம் மூன்று மணிக்கு அவர் மனைவி மருந்துக்கடை வேலை முடிந்து வந்தாள். செருப்பைக் கழற்றுவதற்கு முன்பே கேட்டாள்.

"குடுத்துட்டீங்களா?"

"எதை?"

"டேப்லெட்டை. சாயங்காலம் அஞ்சு மணிக்குள்ள அவ போட்டிக்கு அனுப்பணும். மூணு மாசமா வரஞ்சுக்கிட்டிருக்கா. எழுநூத்திப் பன்னிரண்டு படம்."

ஒரு கரப்பான்பூச்சி லிஃப்ட்டில் ஏறி ஒன்பதாவது மாடிக்குப் போகிறது. கதை அவ்வளவுதான். ஆனால் அது ஓட வேண்டும், மீசையை ஆட்ட வேண்டும், ஒவ்வொரு மாடியிலும் கதவு திறந்து மூட வேண்டும். ஒவ்வொரு அசைவுக்கும் ஒரு படம். எல்லாம் அந்த டேப்லெட்டுக்குள்தான், வேறெங்கும் பிரதி இல்லை. நாலு மணி நேரப் பொழுதுபோக்கு இதுதான்.

"இதை யாரும் எங்கிட்ட சொல்லல" என்றார் மெக்கானிக்.

"சொன்னா. நீங்க கத்திக்கிட்டிருந்தீங்க" என்றாள் மனைவி.

அவர் ஸ்டூல் போட்டு ஏறிப் பையை இறக்கினார். டேப்லெட்டை எடுத்துத் திறந்தால் அது எண் கேட்டது. முதலில் தன் ஊழியர் எண்ணின் கடைசி நாலு இலக்கத்தைத் தட்டினார். இல்லை. வண்டி எண். அதுவும் இல்லை. மூன்றாவதாகக் கல்யாண வருஷத்தைத் தட்டினார். மனைவி எட்டிப் பார்த்து, "அது நமக்கு நிச்சயம் ஆன வருஷம்" என்றாள். செயலி அதற்குமேல் எண் கேட்பதை விட்டுவிட்டு ஒரு கேள்வி கேட்டது.

'உங்கள் பிள்ளையின் மிக நெருங்கிய நண்பர் யார்?'

கீழே சிவப்பில் இன்னொரு வரி. 'பதில் ஐந்து முறை தவறினால், பாதுகாப்பு கருதி இச்சாதனத்தில் உள்ள அனைத்தும் அழிக்கப்படும்.'

உதவி எண்ணுக்கு அடித்தார்கள். உங்கள் அழைப்பு எங்களுக்கு முக்கியமானது, வேலை நாட்களில் அழையுங்கள் என்று ஒரு குரல் அன்பாகச் சொல்லிவிட்டு வைத்துவிட்டது.

"அவகிட்டயே கேளுங்களேன்" என்றாள் மனைவி.

"பூட்டினவன் நான். சாவி எங்கேன்னு பிள்ளைகிட்டப் போய் நிக்கணுமா? என் பிள்ளையோட சிநேகிதம் யாருன்னு எனக்குத் தெரியாதா?"

மனைவி நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள், வேடிக்கை பார்க்கத் தோதாக.

மாடி வீட்டுக் கண்ணாடிக்காரப் பெண் இல்லையா? எப்போது பார்த்தாலும் இங்கேதானே கிடக்கிறாள்? அந்தப் பெண்ணின் பெயரை மனைவியிடம் கேட்டுத் தட்டினார். டேப்லெட் 'டொய்ங்' என்று வீடு முழுக்கக் கேட்கும்படி கத்தியது.

"அவங்க குடிவந்தே ரெண்டு வருஷம்தான் ஆகுது. இந்தச் செயலி போட்டு நாலு வருஷம் ஆச்சு" என்றாள் மனைவி.

"இதை முதல்லயே சொல்றதுக்கென்ன?"

"பேரு கேட்டீங்க, சொன்னேன்."

செயலியைப் போட்டுக் கொடுத்தவன் மனைவியின் தம்பி. மெக்கானிக் அவனுக்கு போன் செய்தார்.

"நாலு வருஷம் ஆச்சு மாமா. நேத்து என்ன சாப்பிட்டேன்னே ஞாபகம் இல்ல" என்றான் அவன். "நீங்க அப்ப வேலைக்குப் போயிருந்தீங்க. வாண்டுகிட்டதான் கேட்டேன். யோசிக்கவே இல்ல, டக்குனு சொன்னா. அதையே போட்டுட்டேன். நான் சிரிச்சது மட்டும் ஞாபகம் இருக்கு."

"சிரிச்சியா? எதுக்கு?"

"இதெல்லாம் ஒரு பதிலான்னு இருந்துச்சு."

சிரிப்பு வரும் பதில் என்றால் அது தொப்பைதான். தொப்பை ஒரு துணி யானை. ஒரு காது கிடையாது. ஒன்பது வயசு வரை அதைக் கட்டிப்பிடித்துக்கொள்ளாமல் வாண்டு தூங்கியதில்லை. மெக்கானிக் நம்பிக்கையோடு தொப்பை என்று தட்டினார். டொய்ங்.

மனைவி மெல்லத் தொண்டையைச் செருமினாள். "நான் ஒண்ணு சொல்லட்டுமா? தப்பா எடுத்துக்காதீங்க. சின்ன வயசுல அவ என் முந்தானையை விட்டு நகர மாட்டா. அம்மான்னு போட்டுப் பாருங்க." சொல்லும்போதே அவள் முகத்தில் ஒரு வெட்கம். மெக்கானிக் அம்மா என்று தட்டினார். டொய்ங். மனைவி எழுந்து அடுப்படிக்குப் போனாள். அங்கே பாத்திரங்கள் தேவைக்கு அதிகமாகச் சத்தம் போட்டன.

கொஞ்ச நேரம் கழித்து அங்கிருந்தே குரல் வந்தது. "நாலாம் வகுப்புல பக்கத்துல உக்காந்துக்கிட்டிருந்தாளே, வாத்து மாதிரி நடப்பா. அவளா இருக்கலாம்." அவளுடைய பெயரும் வந்தது. போட்டார். டொய்ங்.

'மீதமுள்ள வாய்ப்பு: 1.'

மணி நாலே கால். மெக்கானிக்குக்கு உள்ளங்கை வியர்த்தது. பதினாறாவது மாடியில் லிஃப்ட் குழியின் விளிம்பில் நின்று வேலை பார்க்கும்போதுகூட அவருக்கு வியர்த்ததில்லை. எழுநூற்றுப் பன்னிரண்டு படம். பிள்ளையின் மூன்று மாசம். இன்னொரு டொய்ங் கேட்டால் எல்லாம் போச்சு. அப்புறம் இந்த வீட்டில் அந்தக் கதவு எந்தக் காலத்தில் திறக்குமோ?

மனைவி ஈரக்கையோடு வந்து நின்றாள். "உங்களைப் போட்டுப் பாக்கலையே."

"என்னையா?"

"ஏன், இருக்கக்கூடாதா?"

நாலு வருஷத்துக்கு முன்னால் அவர் புதுக் கட்டடங்களில் லிஃப்ட் பொருத்தும் வேலையில் இருந்தார். பிள்ளை எழுவதற்குள் கிளம்பி, அவள் தூங்கிய பிறகு வந்துகொண்டிருந்த காலம். ஞாயிறு மட்டும்தான் முகம் பார்ப்பது. அன்றைக்கும் மனைவிக்குக் கடை இருக்கும், பிள்ளையைப் பார்த்துக்கொள்ள ஆள் இருக்காது. அதனால் சோதனை வேலைக்குக் கூடவே கூட்டிக்கொண்டு போவார். அவள் எல்லா மாடிப் பொத்தானையும் வரிசையாக அமுக்குவாள். அவர் ஒவ்வொரு மாடியிலும் கதவைப் பார்ப்பார். வேறு வழியில்லாமல் செய்தது, அவ்வளவுதான். அதையெல்லாம் ஒரு பிள்ளை கணக்கில் வைத்திருக்குமா?

"இருக்கறது ஒரே ஒரு வாய்ப்பு" என்றார். "என் பேரை நம்பி அதை விடச் சொல்றியா?"

அப்படி அவரால் சொல்ல முடிந்தது. சொல்லிவிட்டு டேப்லெட்டைக் கவிழ்த்து வைத்தார். நெஞ்சு வலித்தது. வலி என்று டாக்டரிடம் சொன்னால் டாக்டர் நம்பமாட்டார், அந்த மாதிரி வலி.

மனைவிக்குப் பொறுக்கவில்லை. "லிஃப்ட்டுல எவனோ மாட்டிக்கிட்டா கதவுக்கு வெளிய நின்னு ஒரு மணி நேரம் பேசறீங்க. அவனை உங்களுக்கு முன்னப்பின்ன தெரியாது. இங்க பத்தடி தள்ளி ஒரு கதவு. ரெண்டு நாளா வாய் திறக்கல."

அவர் சட்டைப்பையில் எப்போதும் ஓர் அட்டை இருக்கும். லிஃப்ட்டுக்குள் மாட்டிக்கொண்டவரிடம் எப்படிப் பேச வேண்டும் என்று கம்பெனி அச்சடித்துக் கொடுத்தது. அந்த அட்டையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டு மகளின் கதவுக்கு முன்னால் போய் நின்றார். இரண்டு தட்டு தட்டினார்.

"நான் மெக்கானிக் பேசறேன்."

உள்ளே கட்டில் கிறீச்சிட்டது.

"உள்ள எத்தனை பேர் இருக்கீங்க?"

வெகுநேரம் கழித்துப் பதில் வந்தது. "ஒருத்தர்."

"மூச்சு விட சிரமமா இருக்கா?"

"இல்ல. கோபமா இருக்கு."

மெக்கானிக் அட்டையை எடுத்துப் பார்த்தார். "அதுக்கு இதுல ஒண்ணும் போடல" என்றார்.

அட்டையில் நாலாவது விதி, கோளாறு யாருடையது என்று எக்காரணம் கொண்டும் சொல்லக்கூடாது, அதைக் கம்பெனி பார்த்துக்கொள்ளும் என்பது. இருபத்திரண்டு வருஷத்தில் அந்த விதியை அவர் ஒருமுறைகூட மீறியதில்லை.

"கோளாறு என்மேலதான்" என்றார். "நீ வரஞ்சுக்கிட்டிருந்தே. நான் கேட்டுக்கல. பூட்டினேன். இப்ப எண்ணும் மறந்துபோச்சு."

"நாலு சத்தம் கேட்டுச்சு."

"நாலுதான்."

"யார் யாரைப் போட்டீங்க?"

அவர் ஒளிக்காமல் வரிசையாகச் சொன்னார். தொப்பை என்றதும் உள்ளே ஏதோ ஒரு சத்தம், இருமலா சிரிப்பா என்று பிரித்துச் சொல்ல முடியாத சத்தம். கதவு ஒரு சாண் திறந்தது. ஒரு கை மட்டும் வெளியே நீண்டது. அவர் டேப்லெட்டைக் கொடுத்தார்.

"திரும்பி நில்லுங்க."

திரும்பிச் சுவரைப் பார்த்து நின்றார். சுவரில் ஸ்விட்ச் பெட்டியின் ஒரு திருகு தளர்ந்திருந்தது. அதையே பார்த்துக்கொண்டிருந்தார். பின்னால் விரல் தட்டும் சத்தம் நாலைந்து தடவை கேட்டது. டொய்ங் கேட்கவில்லை. அடுப்படியில் பாத்திரச் சத்தமும் நின்றுபோயிருந்தது.

வாண்டு வெளியே வந்து சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து மளமளவென்று வேலையைப் பார்த்தாள். நாலு நாற்பத்தொன்பதுக்குக் கரப்பான்பூச்சி போட்டிக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது. அம்மா டீ கொண்டுவந்து வைத்தாள். வாண்டு டேப்லெட்டை அப்பா பக்கம் தள்ளிவிட்டாள். "அது ஏதோ கேக்குது. நீங்கதான் சொல்லணுமாம்."

திரையில் காவல் செயலி நின்றிருந்தது. பெற்றோருக்கான பக்கம்.

'கேள்வி: உங்கள் பிள்ளையின் மிக நெருங்கிய நண்பர் யார்? தற்போதைய பதில்: அப்பா. இந்தப் பதிலால் இதுவரை திறக்கப்பட்டது: 62 முறை. பதிலை மாற்ற விரும்புகிறீர்களா?'

மெக்கானிக் அதை இரண்டு தடவை படித்தார். அறுபத்திரண்டில் ஒன்று இன்றைக்கு. மிச்சம் அறுபத்தொன்று? மூன்று மாசமாக வரைந்த நாளெல்லாம் ஒரு மணி நேரம் முடிந்ததும் இந்தப் பிள்ளை இந்தக் கேள்வியை வரவழைத்து, இந்தப் பதிலைப் போட்டு, பூட்டைத் திறந்துகொண்டு உட்கார்ந்து வரைந்திருக்கிறாள். அவருக்கு ஆத்திரம் வந்தது. கூடவே இன்னொன்றும் வந்தது. லிஃப்ட் கதவில் இரண்டு பேர் ஒரே நேரத்தில் வெளியே வரப் பார்த்ததுபோல இரண்டும் மாட்டிக்கொண்டு நின்றன.

"வாண்டு."

"ம்."

"இது நீ நாலு வருஷத்துக்கு முன்னாடி சொன்ன பதில்."

"ஆமா."

"அதுக்கப்புறம் நீ வளந்துட்டே. பள்ளிக்கூடம் மாறிட்டே. எவ்வளவோ சிநேகிதம் வந்திருக்கும். இப்ப இதை மாத்தணும்னா மாத்திடலாம். நான் ஒண்ணும் நினைச்சுக்க மாட்டேன்."

வாண்டு டீயில் மிதந்த பாலேட்டை ஸ்பூனால் ஒதுக்கிக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை.

"பதில் தப்பா இருந்தா தொறந்திருக்காதேப்பா."

மெக்கானிக் 'மாற்ற வேண்டாம்' என்பதை அமுக்கினார். இனி அந்தப் பூட்டால் ஒரு பிரயோஜனமும் இல்லை என்பது அவருக்கு நன்றாகவே தெரியும்.