இரண்டாவது நாற்காலி

புதுத் தளம் இறுகுவதற்காக மொட்டை மாடியில் கட்டிய பாத்திகளில் லாரித் தண்ணீரை ஊற்றி நிரப்பிவிட்டு இறங்கி வந்த அன்னாள், கீழே ஆட்கள் தளத்தைத் தாங்கி நின்ற முட்டுக் கம்புகளைத் தட்டிக் கழற்ற நிற்பதைக் கண்டதும் குடத்தை ணங்கென்று வைத்தாள். கான்கிரீட் போட்டு ஒரு வாரம்தான் ஆகிறது. இரண்டு வாரத்துக்கு முட்டில் கை வைக்கக் கூடாது என்று இன்ஜினியர் படித்துப் படித்துச் சொல்லியிருந்தார்.

"யாரைக் கேட்டுப் பிரிக்கிறீங்க?"

"சின்னாளபட்டியில நாளைக்கு ஒரு வேலை இருக்கும்மா. அங்க தளம் போட சென்ட்ரிங் பலகை பத்தல" என்றார் மேஸ்திரி ஈஸ்வரன். "இந்த வெயிலுக்கு இதெல்லாம் எப்பவோ இறுகிருச்சு. நான் பார்க்காத தளமா?"

"மேஸ்திரிக்குத் தெரியாததா, விடு" என்று கணவன் பிரான்சிஸ் காதருகே முனகினான். வீடு கட்டத் தொடங்கியதிலிருந்து அவன் சொன்ன யோசனை அது ஒன்றுதான். மேஸ்திரி ஜன்னலை இடம் மாற்றி வைத்தபோது விட்டாள். மாடிப்படி குறுகிப் போனபோதும் விட்டாள். தலைக்கு மேலே நிற்பதை எப்படி விடுவது?

வெளியே கிடந்த இரண்டு பிளாஸ்டிக் நாற்காலிகளை இழுத்து வந்து தளத்துக்கு அடியில் நட்டநடுவே போட்டு, ஒன்றில் உட்கார்ந்தாள்.

"வாங்கண்ணே, நீங்களும் செத்த நேரம் இங்கன உக்காருங்க. உக்காந்துக்கிட்டே பிரிக்கச் சொல்லுங்க."

ஈஸ்வரன் சிரித்தார். காலி நாற்காலியைப் பார்த்தார். பிறகு அண்ணாந்து தளத்தைப் பார்த்தார்.

"ஏலே, சுத்தியலைக் கீழ போடுங்கப்பா."

அதையும் வாசலுக்கு வெளியே போய் நின்றுகொண்டுதான் சொன்னார்.