றெமிஜியஸுக்கு மாட்டின கோட்

1.
இந்தக் கதையை எழுத வைச்சது ஒரு கோட்டும் கழுத்து ரையும்தான். கனடாவில், ஸ்காபரோவில் எங்கட ஆம்பிளைகள் ஆர் செத்தாலும், நினைவுப் படத்துக்கு ஸ்ரூடியோக்காரன் கம்பியூட்டரில் ஒரு கோட்டை மாட்டிவிடுவான். எல்லாருக்கும் ஒரே நீலக் கோட். உயிரோட இருக்கேக்க ஜாக்கெற்றின் சிப்பைப் பூட்டக்கூட நேரமில்லாமல் பஸ்ஸுக்கு ஓடின மனுசர், செத்தபிறகு வங்கி மனேஜர் மாதிரிச் சிரிக்கினம். எனக்குப் பத்திக்கொண்டு வருது.

2.
முதலில் இப்படித் தொடங்கினன்:

பெர்லின், 1926. மழையில் நனைந்த தெருவில் ஓர் ஓவியன் கன்வஸைத் தூக்கிக்கொண்டு—

(இது என்ர யோசனை இல்லை. இதழாசிரியர் வாகீசன் சொன்னது: "அண்ணை, கதையைப் பெர்லினிலை நடத்துங்கோ. இஞ்சத்தைச் சனம் கோவிச்சுக்கொள்ளும்.")

அதென்ன நியாயம்? இரண்டு உலகப் போருக்கும் நடுவில் பெர்லின் ஓவியர்கள் தெருச்சனத்தின் முகங்களைப் பச்சையாய், மஞ்சளாய்த் தீட்டினார்கள். கட்டிடங்களைச் சரித்தார்கள். நெருக்கியடித்து நடந்தும் ஒருத்தரும் ஒருத்தரைப் பார்க்காத நகரம் உள்ளுக்குள் அப்படித்தான் இருக்கும் என்றார்கள். பிறகு வந்த அரசாங்கம் அந்தப் படங்களை மியூசியங்களிலிருந்து கழற்றி, சனம் பார்த்து நக்கலடிக்கவென்றே தனியாய் மாட்டியது. அதை வாசிச்சால் நாங்கள் 'அநியாயம்' என்று உச்சுக்கொட்டுவம். பச்சை முகம் வெள்ளைக்காரனுடையது எண்டால் கலை. எங்கட ஆளுடையது எண்டால் மானக்கேடு!

பெர்லின் வரியை வெட்டிப்போட்டன். கதை எங்கட ஸ்காபரோ வெக்ஸ்போர்ட்டில்தான் நடக்கும்.

3.
செரீனா படம் கீறுகிறவள். தகப்பன் றெமிஜியஸ் டவுன்ரவுனில் ஒஃபிஸ் கிளீன் பண்ணினவர். ஒருநாள் அந்த ஜேர்மன் ஓவியர்களின் கண்காட்சிக்கு அவரைக் கூட்டிக்கொண்டு போனாள். (கதைக்கு வசதியாய்க் கூட்டிப்போனாள் எண்டு நீங்கள் முணுமுணுக்கலாம். முணுமுணுங்கோ, அவர் போனவர்தான்.) ஒரு தெருப் படத்துக்கு முன்னால் நின்ற மனுசன் அசையவே இல்லை.

"பிள்ளை, உது எங்கட யூனியன் ஸ்ரேசனெல்லே?"

"இல்லையப்பா, ஜேர்மனி. ஓல்மோஸ்ட் ஹன்ட்ரட் இயர்ஸ் ஓல்ட்."

"எங்கையெண்டாலும் இருக்கட்டும். என்னையும் உப்பிடிக் கீறு. நான் செத்தால் அந்தப் படத்தைத்தான் வைக்கோணும். சனம் ஒருக்காலெண்டாலும் என்னைப் பாக்கட்டும்."

கீறினாள். சரிஞ்ச பஸ், கண்ணில்லாத பயணிகள், நடுவில் பச்சை முகத்தோடு அப்பா. அவருக்கு நல்லாய்ப் பிடிச்சுப் போச்சு.

4.
றெமிஜியஸ் செத்த முப்பத்தோராம் நாள். சேர்ச்சில் பூசை முடிஞ்சு எல்லாரும் சாப்பாட்டுக்கு மண்டபத்துக்கு வந்தார்கள். செரீனா தான் கீறின படத்தை மேசையில் நிமிர்த்தி வைத்தாள். றெமிஜியஸின் தமையன் அகஸ்ரின் விறுக்கெண்டு வந்தார்.

"என்ன பிள்ளை உது? மனுசனைப் பேய் மாதிரிக் கீறி வைச்சிருக்கிறாய்! கனடாவிலை கஷ்டப்பட்டுச் செத்தவன் எண்டெல்லோ சனம் கதைக்கும்?"

"அப்பா கேட்டவர், பெரியப்பா. கஷ்டப்பட்டவர்தானே?"

"அது எங்களுக்குத் தெரிஞ்சால் போதும்."

படத்தைத் தூக்கிப்போய், முகம் சுவரைப் பார்க்கச் சாத்தினார். மேசையில் ஸ்ரூடியோக்காரன் செய்த நீலக் கோட் றெமிஜியஸுக்கு மாலை விழுந்தது. செரீனாவின் தாய் வேரோனிக்கா செபமாலையை விரலில் சுத்திக்கொண்டு நிலத்தைப் பார்த்தபடி இருந்தா. மனுசன் வாழ்க்கையில் கேட்டதே இந்த ஒண்டைத்தான், அதையும் குடுக்க ஏலாமல் போச்சே எண்டு செரீனா நினைச்சாள்.

5.
முடிவு ஒன்று: வேரோனிக்கா எழும்பிப் படத்தைத் திருப்புகிறா, எல்லாரும் அழுகினம். வாகீசனுக்குப் பிடிக்கும். சுத்தப் புளுகு. புருசனைப் பறிகுடுத்தவவைச் சனத்தோடையும் சண்டை பிடி எண்டு அனுப்ப எனக்கு மனம் வரேல்லை.

முடிவு இரண்டு: செரீனா அழுதுகொண்டு வெளியே போகிறாள், வெளியில் பனி கொட்—

(சீ! அப்பாவை விட்டிட்டு அவள் ஏன் போகவேணும்?)

அவளே திருப்பலாமே எண்டு கேப்பியள். திருப்பினவள். அகஸ்ரின் வந்து மறுபடியும் சுவருக்குத் திருப்பிவிட்டார். மண்டபம் முழுக்கப் பார்த்துக்கொண்டே றோல்ஸ் சாப்பிட்டது.

அந்த மண்டபத்தில் நீங்களும் இருந்தனியள். நழுவாதேங்கோ. படம் உங்கட கதிரைக்குப் பின்னாலதான் சாத்தியிருக்கு, செரீனா உங்களைத்தான் பாக்கிறாள். நான் இனி ஒரு வரியும் எழுதமாட்டன். றோல்ஸ் கோப்பையை வைச்சிட்டு எழும்புங்கோ.