சர்வீஸ் சார்ஜ்

பார்சல் வந்த அன்று எங்கள் வீட்டுக்காரர் கடையைப் பாதியில் சாத்திவிட்டு வந்துவிட்டார். ஏற்காடு ஏரிக்கரையில் எங்களுக்கு ஸ்வெட்டர், கம்பளி, குடை விற்கிற கடை. பெருநாள் அன்றுகூடத் தொழுகை முடிந்ததும் போய்த் திறந்துவிடுகிற மனிதர் ஷேக் தாவூத். அவர் ஒரு அட்டைப்பெட்டிக்காகக் கடையைச் சாத்தினார் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

"சுபைதா, இங்க வந்து பாரு. ஒத்தை ரூபா குடுக்கல. பேங்க்காரன் சும்மா அனுப்பியிருக்கறான்," என்று பெட்டியைப் பிரித்தார். உள்ளே ஆறு பேர் சாப்பிடுகிற பீங்கான் செட். வெள்ளைத் தட்டு, ஓரத்தில் நீலப் பூ. குழம்புக் கிண்ணம் மட்டும் வாய் உடைந்து கிடந்தது.

நான் அதைத் தொடவில்லை. எனக்கு அவர்மேல் நான்கு நாளாக ஆத்திரம். சேலத்தில் என் அண்ணன் முகமது யூசுப்பின் மகள் பரிதாவுக்கு அடுத்த ஞாயிற்றுக்கிழமை நிக்காஹ். பத்திரிகை வைக்க அண்ணனே மலையேறி வந்திருந்தார். இவர் மரியாதையாக உட்காரவைத்து, டீ கொடுக்கச் சொல்லி, அப்புறம் சொன்னார்: "தப்பா நெனைக்காதீங்க மச்சான். வட்டிக் காசுல ஆக்குன சோறு எங்களுக்குத் தொண்டைல எறங்காதுங்க."

அண்ணன் ஃபைனான்ஸ் கடை வைத்திருக்கிறார். நூற்றுக்கு மாதம் இரண்டு ரூபாய் வட்டி. அவர் அந்தப் போர்டை மாட்டி ஐந்து வருடம் ஆகிறது. நாங்கள் அந்த வீட்டு வாசற்படியை மிதித்தும் ஐந்து வருடம் ஆகிறது. பாவாடை கட்டிக்கொண்டு "மாமி, மாமி" என்று என் பின்னாலேயே சுற்றிய பிள்ளைக்குக் கல்யாணம், நான் ஏற்காட்டில் குடை விற்றுக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டும். அண்ணன் டீயைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்து போனார். அந்த டம்ளரைக் கழுவும்போது எனக்கு வந்த அழுகையை நான் யாரிடமும் சொல்லவில்லை.

கல்யாணத்துக்கு நான் மட்டுமாவது போகட்டுமா என்று கேட்டேன். "வட்டி குடுக்கறதும் பாவம், வாங்கறதும் பாவம், அந்தச் சோத்தைத் திங்கறதும் பாவம்," என்றார். மனிதர் சொன்னபடிதான் நடந்தார். மலைக்காரர்கள் எத்தனையோ பேர் எங்களிடம் கடனுக்குக் கம்பளி எடுக்கிறார்கள். காப்பி விற்றதும் கொடுப்பார்கள், விலை இறங்கினால் அடுத்த வருடம் கொடுப்பார்கள். யாரிடமும் அசலுக்கு மேல் ஒரு பைசா அதிகமாக வாங்கினதில்லை. கடன் வைத்த இடத்தில் நிற்கும், குட்டி போடாது என்பது அவர் கணக்கு. அந்த ஒரு விஷயத்தில் எனக்கு அவரைப் பார்த்துப் பெருமைதான். பெருமை இருந்ததால் வாயை மூடிக்கொண்டேன்.

சரி, அந்தப் பெட்டியை வரவைத்த கிரெடிட் கார்டு கதைக்கு வருகிறேன். மூன்று வருடத்துக்கு முன்பு சீசன் சமயத்தில் டை கட்டின ஒரு பையன் கடை கடையாக ஏறி இறங்கினான். பணம் இல்லாமலே பொருள் வாங்கலாம், நூறு ரூபாய்க்கு வாங்கினால் ஒரு பாயிண்ட், பாயிண்ட் சேர்ந்தால் பரிசு என்றான். அதிலிருந்து இவருக்குப் பாயிண்ட் பைத்தியம் பிடித்தது. சேலத்தில் எந்தக் கடையில் கார்டு தேய்ப்பார்களோ அந்தக் கடையில்தான் சரக்கு. பக்கத்துக் கடையில் விலை குறைவு என்றால், "அங்க பாயிண்ட் வராது" என்பார். ஒரு நாள் ஃப்ரிட்ஜ் வந்து இறங்கியது. ஜனவரியில் தண்ணீர்க் குடத்தில் கை வைத்தால் விரல் விறைக்கிற ஊரில் எங்களுக்கு ஃப்ரிட்ஜ்! கேட்டால், "நூத்தி இருபது பாயிண்ட், தெரியுமா?" என்றார்.

மாதாமாதம் பேங்க்கிலிருந்து தாள் வரும். அதில் 'மினிமம்' என்று போட்டிருக்கிற தொகையை நாள் தவறாமல் செக் எழுதி அனுப்பிவிடுவார். ஒரு தடவைகூடத் தாமதம் இல்லை என்பதில் அவருக்கு ஒரு கர்வம்.

உடைந்த கிண்ணத்துக்கு மாற்றுக் கேட்க மறுநாள் என்னைத்தான் போன் பேசச் சொன்னார். "அவங்க இங்கிலீசுல ஆரம்பிப்பாங்க, நீதான் பத்தாவது படிச்சவ," என்று கார்டைக் கையில் கொடுத்துவிட்டுக் கடைக்குப் போய்விட்டார். கடைக்குப் பக்கத்திலேயே லாசருடைய எஸ்.டி.டி. பூத். கண்ணாடிக் கூண்டுக்குள் போய் மெட்ராஸ் நம்பரைச் சுழற்றினேன். எடுத்த பெண் நல்ல தமிழில் பேசினாள். கார்டு நம்பரைக் கேட்டாள். கிண்ணம் பத்து நாளில் வந்துவிடும் என்றாள்.

வைத்துவிடப் போனேன். "மேடம், ஒரு நிமிஷம்," என்றாள். "சார் மினிமம் மட்டும்தான் கட்டிட்டு வர்றாரு. பாக்கி முப்பத்தெட்டாயிரம் நிக்குது. மாசம் ஆயிரத்து நூறு ரூபாய்க்கு மேல வட்டியே போகுது. முழுசா கட்டிட்டா உங்களுக்கு நல்லது."

"என்ன போகுதுங்க?"

"வட்டிங்க மேடம்."

எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. "நீங்க வேற யாரோன்னு நெனைச்சுப் பேசறீங்க, கண்ணு. நாங்க முஸ்லிமுங்க. எங்க ஊட்ல வட்டி கட்டறதே இல்லீங்க."

அந்தப் பெண் மெதுவாகச் சொன்னாள். "தாள்ல சர்வீஸ் சார்ஜ்னு போட்டிருக்கும் மேடம். அது வட்டிதான்."

"எவ்வளவு வட்டி?"

"நூத்துக்கு மாசம் ரெண்டு ரூபா தொண்ணூத்தஞ்சு பைசா."

"எத்தனை நாளா?"

"கார்டு வாங்குனதுல இருந்தே மேடம்."

எனக்குக் காது அடைத்துவிட்டது. மீட்டரில் ரூபாய் ஓடிக்கொண்டிருந்தது. லாசர் கண்ணாடியைத் தட்டி, "ஏனுங்க, ஒடம்பு கிடம்பு சரியில்லீங்களா?" என்று கேட்டது, அவர் வாய் அசைந்ததை வைத்துத்தான் புரிந்தது. எப்படிக் காசு கொடுத்தேன், எப்படி வெளியே வந்தேன் என்று எனக்குத் தெரியாது.

கடையில் மாரமங்கலத்து ஐயாக்கண்ணு நின்றிருந்தார். போன வருடம் எடுத்த கம்பளிகளுக்குப் பாதிப் பணம் கொண்டுவந்திருந்தார். "மீதி அடுத்த காப்பிக்குக் குடுங்க, அது எங்க போயிரப் போகுது," என்று இவர் பெருந்தன்மையாகச் சொல்லிக்கொண்டிருந்தார். நான் கார்டை மேசைமேல் எறிந்தேன்.

"மூணு வருசமா நீங்க வட்டி கட்டிட்டு இருக்கறீங்க."

"என்ன பேச்சு பேசற, வந்தவங்க முன்னால?"

"பேங்க்காரியே சொல்றா. சர்வீஸ் சார்ஜுன்னா வட்டி."

"அது வேலைக்கு வாங்கற கூலி. காட்டேஜ்ல தங்கறவங்களுக்குப் பில்லுல சர்வீஸ் சார்ஜ் போடறதில்லையா, அந்த மாதிரி."

"காட்டேஜ்காரன் ஒருக்காப் போடுவான். ரூமைக் காலி பண்ணிப் போன பொறவும் மாசாமாசம் போடுவானா? அதுவும் ஏறிக்கிட்டே போகுமா?"

"நாந்தான் மினிமம் கட்டிடறனே. பஸ்ஸுல மினிமம் டிக்கெட் எடுத்தவனை எவனாச்சும் கேள்வி கேப்பானா?"

"நீங்க எடுத்தது அடிவாரம் வரைக்கும் டிக்கெட்டுங்க. பஸ்ஸு அதைத் தாண்டிப் போயிட்டே இருக்குது!"

அப்போதுதான் அவர் முகம் மாறியது. மேசைமேல் இருந்த ஐயாக்கண்ணுவின் பணத்தைப் பார்த்தார். ஐயாக்கண்ணுவைப் பார்த்தார். "குடுத்தது போக மீதி அப்படியேதானே நிக்கும்?" என்று கேட்டார். என்னிடம் கேட்டாரா அந்த மனிதரிடம் கேட்டாரா தெரியவில்லை.

"உங்க கடையில நிக்குங்க," என்று சொல்லிவிட்டு ஐயாக்கண்ணு மெல்ல நழுவிவிட்டார்.

வீட்டுக்கு வந்து பழைய தாள்களை எல்லாம் விரித்து, சர்வீஸ் சார்ஜ் என்று இருந்த இடத்தை மட்டும் கூட்டினேன். இருபதாயிரத்துக்கு மேல் போனது. இரண்டாம் தடவை கூட்டிப் பார்த்தேன், குறையவில்லை. இந்த மாதிரி பீங்கான் செட் சேலம் கடைவீதியில் தொள்ளாயிரம் ரூபாய், நானே விலை கேட்டிருக்கிறேன். தொள்ளாயிரம் ரூபாய்ச் சாமானுக்கு இருபதாயிரம் கொடுத்துவிட்டு, சும்மா வந்தது என்று கடையைச் சாத்திவிட்டு ஓடிவந்திருக்கிறார் மனிதர். வேண்டாத ஃப்ரிட்ஜும் வேண்டாத சரக்கும் தனிக் கணக்கு.

ஆனால் சத்தியமாகச் சொல்கிறேன், என் வயிறு எரிந்தது அந்த இருபதாயிரத்துக்காக இல்லை.

"எங்க அண்ணன் வாங்கறது ரெண்டு வட்டி," என்றேன். "நீங்க கட்டறது மூணு. குடுக்கறதும் பாவம்னு நீங்கதானே சொன்னீங்க? அஞ்சு வருசம் என்னைக் கூடப்பொறந்தவன் ஊட்டுக்கு உடல. அதுல மூணு வருசம் நம்ம ஊட்டு அடுப்புல என்ன வெந்துச்சு, சொல்லுங்க?"

அவர் சுவரைப் பார்த்து உட்கார்ந்து "அஸ்தக்ஃபிருல்லாஹ்" என்று பாவமன்னிப்புக் கேட்டுக்கொண்டே இருந்தார். அன்றைக்கு அவர் சாப்பிடவில்லை. எனக்குப் பாவமாக இருந்தது, கோபமும் தீரவில்லை. சோற்றை எடுத்து மூடி வைத்தேன், வா என்று கூப்பிடவில்லை.

அடுத்த மூன்று நாளும் மனிதர் பேய் பிடித்தாற்போல் அலைந்தார். ஃப்ரிட்ஜ் ஒரு காட்டேஜ்காரருக்குப் பாதி விலைக்குப் போனது. கம்பளிச் சரக்கில் பெரும்பகுதியைச் சேலத்து வியாபாரி ஒருவருக்கு நஷ்டத்துக்குத் தள்ளினார். டி.டி. எடுத்துப் பாக்கி மொத்தத்தையும் அனுப்பினார். கார்டைத் துணி வெட்டுகிற கத்திரியால் நான்கு துண்டாக நறுக்கினார். கடை அலமாரி பாதி காலி. சீசனுக்கு என்ன செய்யப் போகிறோம் என்று நினைத்தால் எனக்குப் பகீரென்றது.

ஞாயிற்றுக்கிழமை காலையில் நான் கேட்கவே இல்லை. பட்டுச் சேலை கட்டிக்கொண்டு முதல் பஸ்ஸுக்குக் கிளம்பி நின்றேன். தடுத்தால் அன்றைக்கு இரண்டில் ஒன்று பார்த்துவிடுவது என்ற முடிவில்தான் இருந்தேன். அவர் உள்ளேயிருந்து வெள்ளைச் சட்டையோடு வந்து, வீட்டைப் பூட்டி, சாவியை என் கையில் கொடுத்தார். கொண்டை ஊசி வளைவுகள் முடிந்து மலை இறங்கும்வரை அந்தச் சாவியைக் கையிலேயே வைத்திருந்தேன்.

மண்டபத்தில் அண்ணன் இவரைப் பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டார். பிறகு ஓடிவந்து கையைப் பிடித்துக் கூட்டிப்போனார். பரிதா என்னைக் கட்டிக்கொண்டு அழுது மை எல்லாம் கரைந்தது. என்னைவிட உயரமாக வளர்ந்திருந்தாள்.

எங்கள் பந்தியில் நான்கு பேருக்கு ஒரு பெரிய தட்டு. அண்ணன் இவரைத் தன் தட்டிலேயே உட்காரவைத்தார். பெண்கள் பக்கத்துத் திரையை விலக்கி நான் பார்த்துக்கொண்டிருந்தேன். பிரியாணி வைத்தார்கள். அண்ணன் நல்ல கறியாகப் பார்த்து இவர் பக்கம் தள்ளினார். இவர் கையை மடியிலேயே வைத்திருந்தார். என் உயிர் போய் வந்தது. இங்கே வந்தும் இந்த மனிதர் மானத்தை வாங்கப் போகிறார் என்று நினைத்தேன்.

"மச்சான்," என்றார் இவர். "நான் மூணு வருசமா பேங்க்காரனுக்கு மூணு வட்டி கட்டியிருக்கறன். எனக்கே இப்பத்தான் தெரியும். உங்க தட்டுல நான் கை வைக்கலாமான்னு நீங்கதான் சொல்லணும்."

"மூணா?" அண்ணன் வாய் பிளந்தார். "நானே ரெண்டுக்கு மேல போனதில்லையே! எப்படி மச்சான் தெரியாமப் போச்சு?"

"சர்வீஸ் சார்ஜுன்னு பேர் போட்டிருந்தான்."

அண்ணன் சிரிப்பார் என்று நினைத்தேன். அவர் சிரிக்கவில்லை. தட்டைப் பார்த்துக்கொண்டே கேட்டார்.

"நானும் என் போர்டுல அப்படி எழுதியிருந்தா, இந்த அஞ்சு வருசமும் என் ஊட்டுக்கு வந்திருப்பீங்களா?"

இவர் பொய் சொல்லத் தெரியாதவர். "வந்திருப்பன் மச்சான்," என்றார். சொல்லிவிட்டுத் தட்டில் கை வைத்தார்.

நான் திரையை விட்டுவிட்டேன். ஒரு பெயருக்காகவா என் ஐந்து வருடம் போனது? பரிதா ஏன் மாமி அழுகிறீர்கள் என்று கேட்டாள், அவள் முகத்தில் கரைந்திருந்த மையை என் முந்தானையால் துடைத்துவிட்டேன்.