சாமான் அறை ஜன்னல்

அடுத்த வீட்டு விஷயத்தில் மூக்கை நுழைக்கக் கூடாது என்பது என் கொள்கை. ஆனால் என் சமையலறை ஜன்னலுக்கு நேர் எதிரே அவர்களுடைய சாமான் அறை ஜன்னல் இருக்கிறதே, கண்ணை எங்கே கொண்டுபோய் வைப்பது?

வீடு தையல்காரியுடையது. பின்னால் முப்பத்திரண்டு ஆப்பிள் மரங்கள். அவளுக்கும் லாரி ஓட்டும் அவள் அண்ணனுக்கும் பொது. மூன்று வருடமாகப் பழத்தை அறுத்தால் உள்ளே புழு. "இந்த வருஷமும் புழு இருந்துச்சுன்னா மரத்தையெல்லாம் வெட்டிட்டு லாரி நிறுத்த இடம் பண்ணிடுவேன்" என்று அண்ணன் கறாராகச் சொல்லிவிட்டார். அந்தக் கவலையில் அவள் தைத்த என் சட்டைக்கு ஒரு கை நீளம், ஒரு கை குட்டை.

அவள் கணவர் கிடங்குக் காப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவர். எதையும் தூக்கிப் போட மாட்டார். மூடி இல்லாத டப்பாவுக்கு ஓர் அலமாரி, டப்பா இல்லாத மூடிக்கு இன்னொன்று. புழுவை ஒழிக்கும் பொறுப்பு அவருடையது. நாற்றுப் பண்ணைக்காரர் சொன்னபடி, கோடையில் மரத்துக்கு மரம் அடியில், பெட்டி செய்யும் நெளி அட்டையைச் சுற்றிக் கட்டுவார். பழத்தைத் தின்று கொழுத்த புழு ஒளிய இடம் தேடி இறங்கி வந்து, அட்டை மடிப்புக்குள் கூடு கட்டிக்கொண்டு, குளிர்காலம் முழுக்கச் சுகமாகப் படுத்துக் கிடக்கும். இலை உதிர்ந்ததும் அட்டையை அவிழ்த்துவிடுவார். இதற்கு மேல் ஒரு மனிதர் என்னதான் செய்வார்?

இந்த வருடம் பூ விட்ட வாரம். சாயங்காலம் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தேன். எதிர் ஜன்னல் கண்ணாடியின் உள்பக்கம் சாம்பல் நிற அந்துப்பூச்சிகள் நாலு. கிடங்குக்காரர் வந்து காற்றோட்டத்துக்காக ஜன்னலை விரியத் திறந்தார். நாலும் மரங்களைப் பார்த்துப் பறந்தன. மறுநாள் அதே நேரம் எண்ணினேன், பன்னிரண்டு. கையைத் துடைத்துக்கொண்டு வேலிக்கு ஓடினேன்.

"ஏம்மா, உங்க வீட்டுக்காரர் அந்த ரூமுல பூச்சி வளர்க்கிறாரா?"

"உங்களுக்கு வேற வேலையே இல்லையாக்கா?"

"இருந்தா இதை எண்ணிக்கிட்டு நிப்பேனா? ஜன்னலைத் திறக்க விடாத. வந்து பாரு."

இருவரும் உள்ளே போனோம். அலமாரி நிறைய அட்டைக் கட்டுகள். ஒவ்வொன்றிலும் சீட்டு: எந்த வருடம், எந்த வரிசை, எத்தனையாவது மரம். தையல்காரி போன வருடத்து அட்டை ஒன்றைப் பிரித்தாள். மடிப்புக்கு மடிப்பு வெள்ளைக் கூடு. சிலது பூச்சி பறந்துபோய்க் காலி, சிலதில் கூட்டுப்புழு இன்னும் நெளிந்தது.

"அவுத்ததும் எரிக்கணும்னு பண்ணைக்காரர் சொன்னாருல்ல?" என்றாள்.

பின்னாலேயே வந்து நின்ற கிடங்குக்காரர் மூக்குக் கண்ணாடியைத் துடைத்தார். "நல்ல அட்டைம்மா. கிழியக்கூட இல்ல. திரும்ப ஆகுமேன்னு..."

"எங்கம்மா வந்தப்போ தங்க இந்த ரூமை ஒழிச்சுத் தாங்கன்னு கேட்டேன், முடியாதுன்னீங்க. புழுவுக்கு மட்டும் நம்பர் போட்டு இடம் குடுத்திருக்கீங்க!"

நான் சிரிக்கவில்லை. வாயைப் பொத்திக்கொண்டுதான் இருந்தேன்.

பூச்சிகளைத் துடைப்பம் பார்த்துக்கொண்டது. இருட்டுவதற்குள் குழி வெட்டித் தீ மூட்டினார்கள். அவர் ஒவ்வொரு சீட்டையும் ஒரு தடவை படித்துவிட்டுத்தான் அட்டையைத் தீயில் போட்டார். அப்புறம் புது அட்டை கட்டினார்கள். நடுக்கோடையில் அடுத்த தலைமுறை கிளம்பும் முன்னே அதையும் அவிழ்த்து எரித்துவிட்டு வேறு கட்டினார்கள். உதிர்ந்த பிஞ்சைத் தினமும் பொறுக்கினார்கள். வேலிக்கு இந்தப் பக்கம் விழுந்ததை நானே பொறுக்கினேன், யாரும் கேட்காமலே.

பழம் பறிக்கும் நாளில் அண்ணன் கத்தியோடு வந்தார். மரத்துக்கு ஒன்றாக அறுத்தார். பத்தொன்பது சுத்தம். இருபதாவதில் ஒரு புழு தலையை நீட்டியது. தையல்காரி என் கையைப் பிடித்த பிடியில் வளையல் அழுந்தியது.

அண்ணன் புழுவைச் சுண்டி எறிந்துவிட்டு, மறு பாதியைக் கடித்தார். மிச்சம் பன்னிரண்டையும் அறுத்துப் பார்த்தார். ஒன்றிலும் இல்லை.

"அந்த ஒண்ணு பொழைச்சுப் போகட்டும், விடு. லாரி ரோட்டுலயே நிக்கட்டும். ரெண்டு கூடை எடுத்து வை, பாப்பா" என்றார் தங்கையிடம்.

என் சட்டைக் கைகள் அந்த வாரமே சமமாகிவிட்டன. இலை உதிர்ந்ததும் அட்டை எரிந்த புகையையும் கண்ணாரப் பார்த்தேன். ஆனால் எதிர் அலமாரியில் புதிதாக ஒரு கட்டு இருக்கிறது: அட்டை கட்டிய கயிறுகள், சீட்டோடு. கயிற்றில் புழு கூடு கட்டாதாம். நாற்றுப் பண்ணைக்காரரிடம் கேட்டு வைத்துக்கொண்டேன்.