விருப்பப்பட்டவன் போகலாம்

முடிச்சு அவிழவில்லை. ஜான்சி அப்பாவின் ஷூ நாடாவை நகத்தால் நெம்பிப் பார்த்தாள், பிறகு குனிந்து பல்லால் கடித்து இழுத்தாள். சுற்றி நின்ற பெண்கள் "கத்திரிக்கோலு எடுத்தாங்கடி" என்று ஒருத்திக்கொருத்தி சொல்லிக்கொண்டார்களே தவிர யாரும் நகரவில்லை.

கங்காதரன் அந்த முடிச்சைக் காலையில் தன் கையாலேயே போட்டிருந்தார். தினமும் அப்படித்தான். குப்பத்து மணலில் ஷூவைக் கையில் தூக்கிக்கொண்டு நடப்பார். ரோட்டோரக் குழாயில் காலைக் கழுவி, கைக்குட்டையால் விரலிடுக்கு வரை துடைத்து, அப்புறம்தான் சாக்ஸ், அப்புறம்தான் ஷூ. ஷூ இல்லாமல் அடையாறு கிளப்புக்குள் விடமாட்டார்கள். சாயங்காலம் அதே குழாயடியில் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு திரும்பி வருவார். ஷூ போட்ட காலோடு இந்த வீட்டுக்குள் வந்தது இன்றைக்குத்தான். அதுவும் நாலு பேர் தூக்கி வந்ததால்.

"இம்மாம் இறுக்கியா கட்டுவாரு ஒரு மனுசன்" என்றாள் கெங்கம்மா. அவள் இன்னும் அழவில்லை. மீன் விற்கிற இடத்திலிருந்து நேராக வந்திருந்தாள். புருஷனின் தலைமாட்டில் உட்கார்ந்திருந்தவளின் முந்தானையில் செதில் ஒட்டியிருந்தது.

முடிச்சு அவிழ்ந்தது. ஜான்சி ஷூ இரண்டையும் எடுத்து வாசலுக்கு வெளியே வைத்தாள். அங்கே மகேஷ் கையைக் கட்டிக்கொண்டு நின்றிருந்தான். அப்பாவின் முதலாளி மாணிக்கவாசகத்தின் டிரைவர். கங்காதரனைக் கிளப்பிலிருந்து ஆஸ்பத்திரிக்கு அள்ளிப்போட்டுக்கொண்டு ஓடியவன்.

"ஆடிக்கிட்டு இருக்கும்போதே சாஞ்சுட்டாருக்கா. கையில சீட்டு அப்பிடியே இருந்துச்சு."

"உங்க அண்ணாச்சி எங்க?"

"கிளப்புலதான். பைனல்க்கா. சாயங்காலம் வரைக்கும் ஓடும். வேற ஒருத்தர உக்கார வச்சிருக்காங்க. பாதியில நிறுத்த முடியாதாம்."

"அஞ்சு நிமிசம்கூடவா?"

மகேஷ் தரையைப் பார்த்தான். "எந்திரிச்சு நின்னாங்கக்கா. எல்லாரும். அப்புறம் உக்காந்துட்டாங்க."

ஜான்சிக்குக் கோபம் வர வேண்டிய இடம்தான். வந்தது. ஆனால் பாதி வழியிலேயே களைத்துப்போய் நின்றுவிட்டது.

கங்காதரன் மீசை முளைக்காத வயதில் அந்தக் கிளப்புக்கு டீ டிரே தூக்கப் போனவர். நாற்காலிகளுக்குப் பின்னால் நின்று நின்றே பிரிட்ஜ் கற்றுக்கொண்டார். சீட்டாட்டம்தான். ஆனால் நாலு பேர், ரெண்டு ஜோடி. ஜோடிக்காரன் எதிரே உட்கார்ந்திருப்பான், அவனோடு வாய் திறந்து பேசக் கூடாது. அவன் இறக்குகிற சீட்டைப் பார்த்தே அவன் மனசைப் பிடிக்க வேண்டும். ஒருநாள் ஆள் குறைந்தபோது கங்காதரனை உட்கார வைத்தார்கள், அப்புறம் எழுந்திருக்க விடவில்லை. டி. நகரில் ஜவுளிக்கடை வைத்திருக்கும் மாணிக்கவாசகம் தனக்கு ஜோடியாக ஆட அவரைச் சம்பளத்துக்கு எடுத்துக்கொண்டார். கொல்கத்தா, மும்பை, ஒருமுறை பாங்காக். போட்டி இல்லாத மாதங்களில் கிளப் வராந்தாவில் பகடை உருட்டி பேக்கேமன் ஆடுவார். பந்தயத்துக்குத்தான். அந்த மாதங்களில் வீட்டுக்கு அரிசி அதிலிருந்துதான் வந்தது.

எங்கே ஜெயித்தாலும் பேப்பரில் 'மாணிக்கவாசகம் அணி' என்றே வரும். கோப்பை ஜவுளிக்கடையின் பட்டுப் பிரிவில் கண்ணாடி அலமாரிக்குள் போய்ச் சேரும். காலேஜ் படிக்கும்போது ஜான்சி இதைக் கேட்டுச் சண்டை போட்டிருக்கிறாள்.

"போட்டு மொதலாளிது, வல மொதலாளிது. மீனு மட்டும் என்னுதுன்னு எப்டிம்மா சொல்றது?" என்றார் கங்காதரன்.

அந்தப் பதில் அவளுக்கு அன்றைக்கும் பிடிக்கவில்லை, இன்றைக்கும் பிடிக்கவில்லை.

குப்பத்துக்கு அவர் சீட்டாடி. அவள் சீட்டாடி பொண்ணு. இந்தச் சந்திலேயே முதல் டிகிரி வாங்கி, பெருங்குடி கம்பெனியின் அட்டையைக் கழுத்தில் தொங்கவிட்டுக்கொண்டு வந்தபோதும் சீட்டாடி பொண்ணுதான்.

மத்தியானம் பக்கத்து வீட்டுக்காரி வந்து காதில் போட்டாள். பஞ்சாயத்து கூடியிருக்கிறது, இன்றைக்குக் கடலுக்குப் போட்டு போவதா வேண்டாமா என்று பேச.

குப்பத்தில் சாவு விழுந்தால், எடுக்கிற வரைக்கும் யாரும் கடலில் இறங்கமாட்டார்கள். யார் செத்தாலும் அப்படித்தான். இதைப் பேசித் தீர்மானிக்க வேண்டிய நிலை வந்ததே இல்லை. கங்காதரனுக்குத்தான் வந்திருக்கிறது.

ஜான்சி அம்மன் கோயில் மேடைக்கு நடந்தாள்.

"பொம்பள வர்ற எடமா இது?" என்றது ஒரு குரல்.

"மேல ஏறல. கீழ நின்னுதான் கேக்கறேன். நாளைக்குக் காலையில நைனாவ எடுக்கறோம். இன்னிக்கு போட்டு போவுமா போவாதா?"

தலைவர் தமிழ்மாறன் தலையைச் சொறிந்தார். "பேசிக்கினுதான கீறோம் ஜான்சி."

"இதுல பேசறதுக்கு இன்னா கீது? உங்க சித்தப்பா செத்தப்போ பேசினீங்களாண்ணா?"

"சித்தப்பா கடலுக்குப் போனவரு. உங்க நைனா ஒருநாளாவது கால நனைச்சிருப்பாரா, சொல்லு? தொழிலுக்கே போவாதவருக்கு எதுக்குத் தொழில நிறுத்தணும்னு பசங்க கேக்கறானுங்க. புயல்னு சொல்லி எம்மா நாளு சும்மா கெடந்தோம். நேத்துதான் நெத்திலி வாரிக்கினு வந்திச்சு."

"அவரும் தொழில்தான் பண்ணாரு."

"இன்னா, சீட்டா?"

யாரோ சிரித்தார்கள். சுருட்டு மாமா சிரிக்கவில்லை. போட்டு நிழலில் பொழுதன்னைக்கும் ரம்மி ஆடுகிற கிழவர் அவர்.

"சீட்டாடறத நான் தப்பு சொல்லல. நானே ஆடறவன். ஆனா ஒரே ஒரு வாட்டி எங்களோட கை போட்டிருப்பானா அவன்? வாடா கங்கான்னு கூப்டா, ஷூவத் தூக்கிக்கினு சிரிச்சினே தாண்டிப் போய்டுவான். பெரிய எடத்து ஆளு. நாமெல்லாம் ஆவாது."

ஜான்சிக்குப் பின்னாலிருந்து கெங்கம்மாவின் குரல் வந்தது. மகளைத் தேடி வந்திருந்தாள்.

"பெரும இல்ல மாமா. நானும் கேட்டுக்கீறேன். ரெண்டு ஆட்டம் ஆடினா உங்க கையில கீற சீட்டெல்லாம் அவருக்குத் தெரிஞ்சிடும். அப்பால உங்க வூட்டு அடுப்புல பூன தூங்கும். கிளப்புல கீறவனுக்குத் தோத்தா பொழுது போச்சு, இவங்களுக்குக் கூலி போச்சுன்னுவாரு." மகளின் முழங்கையைப் பிடித்தாள். "கெஞ்சினது போதும். வா. அங்க அவரு தனியா கீறாரு."

அவர்கள் திரும்பி நடக்கும்போது தமிழ்மாறன் எழுந்து நின்று சொன்னார்.

"ஊர் சார்பா தடயும் இல்ல, கட்டாயமும் இல்ல. விருப்பப்பட்டவன் போலாம்."

போகத்தான் போகிறோம் என்று சொல்லியிருந்தால் நின்று கத்தியிருக்கலாம். இது அப்படியும் இல்லை. அவரவர் இஷ்டத்துக்கு அப்பாவின் சாவை எடைபோட்டுக்கொள்ளுங்கள் என்று மணலில் போட்டுவிட்டார்கள்.

பொழுது சாய்ந்தால் போட்டுகள் வலை போடக் கிளம்பும். ஜான்சி கரை தெரிகிற மாதிரி வாசல்படியில் உட்கார்ந்தாள். ஒரு இன்ஜின் சத்தம் கேட்டால் போதும், காரியம் முடிந்த மறுநாள் அம்மாவைக் கூட்டிக்கொண்டு அசோக் நகர் பக்கம் வீடு பார்த்துப் போய்விடுவது, இந்த மணலை இனி மிதிப்பதில்லை. அதை முடிவே செய்திருந்தாள். முதுகுக்குப் பின்னால் அப்பாவை வைத்திருந்த ஐஸ் பெட்டி உறுமிக்கொண்டிருந்தது. வந்தவர்களுக்கு நாற்காலி போட்டாள், தண்ணீர் கொடுத்தாள், எப்படி ஆச்சு என்ற கேள்விக்கு அதே பதிலைத் திரும்பத் திரும்பச் சொன்னாள். வாய் தானாகச் சொன்னது.

வெயில் தணிந்தபின் மாணிக்கவாசகம் வந்தார். வெள்ளைச் சட்டை, கையில் ரோஜா மாலை. மணலில் கறுப்பு ஷூ புதையப் புதைய, மகேஷின் தோளைப் பிடித்துக்கொண்டு நடந்து வந்தார். படியில் ஷூவைக் கழற்றிவிட்டு உள்ளே போய் மாலையைப் பெட்டிமேல் வைத்தார். கண்ணாடிக்குள் தெரிந்த முகத்தை, அது எதையோ காட்டிக்கொடுக்கும் என்பதுபோல வெகுநேரம் பார்த்தார். பிறகு வெளியே வந்து, திரும்ப ஷூவை மாட்டிக்கொண்டு, பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தார்.

"ஜெயிச்சீங்களா?" என்றாள் ஜான்சி.

அவர் அதை எதிர்பார்க்கவில்லை. "ஜெயிச்சிட்டோம்மா." கொஞ்சம் பொறுத்து, "புதுசா உக்காந்த பையன் நல்லாத்தான் ஆடுதான். ஆனா என்ன நெனைக்கான்னு பிடிபடல. கங்கான்னா ஒரு சீட்டு போட்டாப் போதும்."

ஜான்சி தண்ணீர்ச் செம்பை அவர் பக்கம் நகர்த்தினாள்.

"இருவது வருசமா எதிர்க்க உக்காந்திருக்கேன். வீடு எங்கன்னு இன்னைக்குத்தாம்மா பாக்கேன்."

அவரிடம் கேட்பதற்கென்று அவள் வருஷக்கணக்கில் சேர்த்து வைத்திருந்தது நிறைய. எங்கிருந்து ஆரம்பிப்பது என்று பார்த்தாள். அலுப்பாக இருந்தது.

"டீ குடிக்கிறீங்களா சார்?"

"வேண்டாம்மா." அவர் கடல் பக்கம் திரும்பினார். "என்ன, போட்டெல்லாம் கரையிலயே நிக்கி? கடல் சரியில்லையோ?"

ஜான்சி நிமிர்ந்து பார்த்தாள். நாற்காலி போட்டதிலும் தண்ணீர் கொடுத்ததிலும் கரையை மறந்தே போயிருந்தாள். வெளிச்சம் கடைசியாகத் தண்ணீரில் கிடந்தது. போட்டுகள் மத்தியானம் நின்ற இடத்திலேயே, மூக்கை ஊருக்குக் காட்டி, வரிசையாக நின்றன. வலைகள் குவித்த இடத்தில் குவித்தபடி கிடந்தன. சுருட்டு மாமாவும் அவர் மகனும் தங்கள் போட்டிலிருந்து இன்ஜினைக் கழற்றி, ஆளுக்கொரு பக்கம் பிடித்து, வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு போனார்கள். இவள் பக்கம் திரும்பவில்லை.

"கடல் நல்லாத்தான் கீது" என்றாள்.

அவர் இன்னும் ஏதாவது சொல்வாள் என்று காத்திருந்தார். பிறகு கும்பிட்டுவிட்டு எழுந்தார். நாலடி நடப்பதற்குள் ஷூ நிறைய மணல். ஒற்றைக் காலில் நின்று கொட்டினார், மறுபடி நடந்தார், மறுபடி நின்றார்.

"சார்" என்று கூப்பிட்டாள் ஜான்சி. "கழட்டிக் கையில எடுத்துக்குங்க. ரோட்டாண்ட குழா கீது."

அவர் குனிந்து கழற்றினார். சாக்ஸையும் சுருட்டி உள்ளே வைத்தார். ஷூ இரண்டையும் இடது கையில் தொங்கவிட்டபடி, வெறுங்காலோடு, மங்கும் வெளிச்சத்தில் அந்த வெள்ளைச் சட்டை மணலைத் தாண்டிப் போவதை அவள் பார்த்துக்கொண்டிருந்தாள். குழாயடியில் அது நின்றது. குனிந்து, காலைக் கழுவ ஆரம்பித்தது.